காய்வது வேறு, இறுகுவது வேறு: குடியிருந்தபடியே ஒரு சமையலறையைப் புதுப்பித்த 104 நாள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 1990-களில் கட்டிய மூன்று மாடி அடுக்ககம், அதில் இரண்டாம் மாடி. சமையலறை 10 அடிக்கு 8 அடி. கடப்பா மேடை, மொசைக் தரை, சுவருக்குள் புதைத்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், மேடைக்கு மேல் இரண்டே இரண்டு பிளக் பாயிண்ட். வீட்டில் நான்கு பேர்: வேலைக்குப் போகும் கணவன் மனைவி, பள்ளியில் படிக்கும் பிள்ளை, சர்க்கரை நோயுள்ள பாட்டி. வேறு வீட்டுக்குக் குடிபெயர வழியில்லை. இருந்துகொண்டேதான் வேலையைப் பார்க்க வேண்டும்.

இது யாரோ ஒருவருடைய வீட்டின் வரலாறு அல்ல. இந்த வயதுள்ள வீடுகளில் வேலை எந்த வரிசையில் நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை ஒரே வீட்டின் நாட்கணக்கில் அடுக்கிப் பார்க்கும் மாதிரி. ஆவணி இரண்டாம் வாரம் இடிப்பு தொடங்குகிறது. மேஸ்திரி சொன்ன கெடு 45 நாள், அதாவது தீபாவளிக்கு முன்பே புது அடுப்படியில் பலகாரம். முடிந்தது 104-ஆம் நாள், கார்த்திகையில்.

அந்த 104 நாளையும் "இழுத்தடிப்பு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. அதில் இரண்டு வகை நாட்கள் இருக்கின்றன. சிமெண்ட், பசை, பூச்சு போன்ற பொருட்கள் தமக்கு வேண்டுமென்று கேட்கும் நாட்கள் ஒரு வகை. வாங்க வேண்டியதை உரிய நேரத்தில் வாங்காததால், கேட்க வேண்டியதைக் கேட்காததால் போன நாட்கள் இன்னொரு வகை. முதல் வகையைக் குறைத்தால் சுவர் பழிவாங்கும். இரண்டாம் வகையைக் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். ஆனால் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: லேமினேட்டுக்காக (அலமாரிப் பலகைமேல் ஒட்டும் தகடு) மூன்று வாரம் வாய்மூடிக் காத்திருப்பவர்கள், பூச்சுக்குத் தண்ணீர் விடும் ஏழு நாளைப் பொறுக்க மாட்டார்கள். ஏனென்றால் அந்த ஏழு நாளும் ஆள் வருவதில்லை, சத்தம் இல்லை, எதுவும் நடக்காதது போலிருக்கும்.

அந்த அவசரம் பெரும்பாலும் தற்காலிக அடுப்படியில்தான் பிறக்கிறது. மூலையில் குனிந்து சமைத்து, குளியலறையில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பவர் இருபதாம் நாள் "எப்படியாவது முடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மேஸ்திரி எதைச் சுருக்கினாலும் கேள்வி இல்லை. அதனால் இந்த ஆய்வில் அதிக இடம் தற்காலிக அடுப்படிக்கே.

இடிப்பதற்கு முந்தைய வாரம்

தற்காலிக அடுப்படிக்கு முதலில் தேட வேண்டியது இடமல்ல, மின்சாரம். ஹாலில் இருக்கும் சாதாரண பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி ஹாலில் வைத்தால் சில நாளில் பிளக் தகடு சுடும், பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை வரும், பின் கறுக்கும். இண்டக்‌ஷனுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும். இந்த வயது வீட்டில் அது மூன்று இடங்களில் இருக்கலாம்: ஏ.சி., கீசர், வாஷிங் மெஷின். நம் வீட்டில் பால்கனிக் கதவை ஒட்டி வாஷிங் மெஷின் பாயிண்ட் இருக்கிறது. அடுப்படி அங்கே போகிறது. துவைக்கும் நேரமும் சமைக்கும் நேரமும் ஒன்றாக வரக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. மிக்ஸி 750 வாட், ரைஸ் குக்கர் 700 வாட், 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட் அளவு. இவற்றை 6 ஆம்பியர் பிளக்கில் ஒவ்வொன்றாக ஓட்டலாம். மிக்ஸியையும் குக்கரையும் ஒரே பெட்டியில் ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது.

கேஸ் அடுப்பையே நகர்த்தி வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால் இண்டக்‌ஷன் இருக்கும்போது அது இரண்டாம் தேர்வுதான். கொத்தனார், சித்தாள், மூட்டை என்று ஆட்கள் குறுக்கே நடக்கும் ஹாலில் ரப்பர் குழாய் கிடப்பது நல்லதல்ல. வைத்தே ஆகவேண்டும் என்றால் சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், குழாய் எந்தத் துணிக்கும் பாய்க்கும் அடியில் போகக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படுக்கும். அதனால் ஜன்னல் திறந்திருப்பது மட்டும் போதாது, தரைமட்டத்தில் வெளியேற வழி இருக்கும் பால்கனிப் பக்கம்தான் இடம். குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து, ஐந்தாண்டு கடந்திருந்தால் இந்தச் சாக்கிலேயே மாற்றிவிடுங்கள்.

பாத்திரத்தில் ஒரு சிக்கல் வரும். நம் வீடுகளில் இருக்கும் அலுமினிய குக்கர், பித்தளை, ஈயச்சொம்பு எதுவும் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் சூடேறும். இண்டக்‌ஷன் அடி கொண்ட 5 லிட்டர் குக்கர் ஒன்று, தட்டையான இரும்பு தோசைக்கல் ஒன்று, 2 லிட்டர் கடாய் ஒன்று, பால் பாத்திரம் ஒன்று. இவற்றோடு கரண்டி, தட்டு, டம்ளர் சேர்த்து வெளியே இருக்க வேண்டியவை இருபது உருப்படிக்குள் அடங்கட்டும். மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டியில். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளிருப்பதை எழுதுங்கள். மேலே எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது.

மேசை உயரம் 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதன் மேல் இண்டக்‌ஷன் நான்கைந்து விரல் உயரம் சேரும். ஸ்டூலில் வைத்துக் குனிந்து சமைத்தால் இரண்டாம் வாரம் முதுகு சொல்லிவிடும்.

சமைப்பதைவிடக் கழுவுவதுதான் ஆளை உடைக்கிறது. பால்கனிக் குழாயடியில் இரண்டரை அடி உயரப் பலகை ஒன்று, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் டப். ஒன்று சோப்புக்கு, ஒன்று அலசுவதற்கு. எச்சிலை முதலில் தாளால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் டப்புக்குள் போட வேண்டும். வழியாமல் கழுவினால் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் பால்கனியின் சிறு வடிகாலில் சேர்ந்து ஒரு வாரத்தில் அடைக்கும். அந்த வடிகால் மழைநீருக்காகப் போட்டது, பருப்புக்காக அல்ல. வாயில் ஒரு எவர்சில்வர் சல்லடை வைத்து இரவில் தட்டிவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் குழாய் வைத்த 20 லிட்டர் கேன் இரண்டு, ஸ்டாண்டில்; கீழே ஒரு வாளி.

சாப்பாட்டையும் முன்கூட்டியே திட்டமிடலாம். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு ஆகியவற்றைப் பழைய அடுப்படியின் கடைசி வாரத்தில் செய்து வைத்தால் ஒற்றை அடுப்பில் ஒரு சாதமும் ஒரு காயும் போதும். எண்ணெய்ப் பலகாரம் இந்த மாதங்களில் வேண்டாம். எண்ணெய்ப்புகை படிந்த இடத்தில் சிமெண்ட் தூசி ஒட்டினால் லேசில் போகாது. வாரத்தில் இரண்டு வேளை வெளிச்சாப்பாடு என்று நாளைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. களைத்துப்போய் இரவு ஒன்பதரைக்கு வாங்கும் பொட்டலம், சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கு நேரமும் தப்பி, அளவும் தப்பி வருகிறது. பாட்டிக்கென்று ஒரு சிறு ரைஸ் குக்கரும் கெட்டிலும் அவர் அறையிலேயே இருந்தால் கஞ்சியும் வெந்நீரும் யாருக்கும் காத்திருக்காது.

பொறுமை என்று பேசும்போது அது யாருடைய பொறுமை என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பொறுமை கேட்கப்படுவது பெண்ணிடம்தான். கெடுவை ஒப்புக்கொண்டது மட்டும் ஆண். கழுவும் வேலை, கேன் நிரப்பும் வேலை, பெருக்கும் வேலை மூன்றையும் இடிப்புக்கு முன்பே பெயர் போட்டுப் பிரித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட வேண்டும். இதைச் செய்யாத வீட்டில் மற்ற எந்த ஏற்பாடும் நிலைக்காது.

வாங்கி வைக்க வேண்டியவை

உளி சுவரில் படும் முன்பு வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவை: சிங்க், குழாய்கள், அடுப்பு, சிம்னி, டைல்ஸ். தேர்ந்து முன்பணம் கட்டியிருக்க வேண்டியவை: கிரானைட், பிளைவுட், லேமினேட். சிங்க்கின் அளவு தெரியாமல் கிரானைட்டை வெட்ட முடியாது. அட்டவணையில் போட்ட அளவை நம்பாதீர்கள். பெட்டியைப் பிரித்து டேப் வைத்து அளக்க வேண்டும். டைல்ஸ் பெட்டிகளில் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். 80 சதுர அடித் தரைக்கு 88, சுவருக்கு 110 என்றால் 121. பத்து சதவீதம் கூடுதல். குறைந்துபோய் இரண்டாம் முறை வாங்கினால் அதே பேட்ச் கிடைப்பது அரிது.

நம் மாதிரி வீட்டில் இதில் ஒன்றே ஒன்று தவறியது: லேமினேட்டின் எண்ணைத் தேர்ந்தார்கள், இருப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. அதன் விலை பின்னால் வருகிறது.

சுவரைத் திறந்தபோது (1 முதல் 14-ஆம் நாள்)

இடிப்பு ஐந்து நாள். 200 சதுர அடிச் சுவர்ப் பூச்சும் டைல்ஸும், 80 சதுர அடி மொசைக்கும் அதன் அடிக்கலவையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 1.8 டன் இடிபாடு. சிமெண்ட் சாக்கில் முக்கால்வாசி நிரப்பினால் ஐம்பது மூட்டை வரும். முழுக்க நிரப்பினால் படியில் தூக்கிப்போகிறவர் முதுகு போகும். மூட்டைகளைப் பால்கனியில் அடுக்கவே கூடாது. சுவரைத் தாண்டி நீண்டு நிற்கும் பலகை அது, அந்தப் பாரத்துக்காகக் கட்டியதல்ல. அன்றன்று கீழே இறக்கிவிட வேண்டும்.

தூசிக்கு: சமையலறை வாசலில் கெட்டியான பாலித்தீன் ஷீட், மேலும் பக்கங்களிலும் டேப் ஒட்டி, நடுவில் ஜிப் வைத்து. வாசலடியில் ஈரக் கோணி. ஹால் ஏ.சி.யை அந்த ஐந்து நாளும் போட வேண்டாம், வடிகட்டி சிமெண்டால் மூடிக்கொள்ளும். கல்லையும் டைல்ஸையும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். உலர்வெட்டில் பறக்கும் சிலிக்கா நுண்தூசி நுரையீரலுக்குக் கெடுதல், வெட்டுபவருக்கும் வீட்டாருக்கும். முகக்கவசத்தை வீட்டார் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை.

ஆறாம் நாள் முதல் வடிகால் வாய்கள் எல்லாம் திறந்து கிடக்கும். பாலித்தீனில் சுற்றிய துணிப்பந்தைத் திணித்து வையுங்கள். ஒரு கைப்பிடி கலவை உள்ளே விழுந்து இறுகினால் குழாயையே உடைக்க வேண்டியிருக்கும். கரப்பானும் அந்த வழியாகத்தான் வரும்.

பூச்சு உரிந்ததும் ஜி.ஐ. குழாய் தெரிந்தது. வெளியே துரு, உள்ளே பாதி அடைப்பு. காலையில் குழாயைத் திறந்ததும் செந்தண்ணீர் வந்ததற்கும், சமையலறையில் மட்டும் அழுத்தம் குறைந்ததற்கும் காரணம் இதுதான். கெடுவில் இது இல்லை. சமையலறைக்குள் வரும் பகுதியை மட்டும் மாற்றி, சந்திப்பில் பழைய ஜி.ஐ.யோடு இணைக்கலாம் என்று பிளம்பர் சொல்வார். அந்தச் சந்திப்பில்தான் இரண்டு வருடத்தில் கசியும். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் வரை சி.பி.வி.சி.யாக (துருப்பிடிக்காத பிளாஸ்டிக் குழாய்) மாற்ற ஐந்து நாள் கூடியது. கூட்டியது சரி.

இந்தக் கட்டத்தில் விடக்கூடாத ஒரு சோதனை: குழாய் முனைகளை அடைத்து, கைப்பம்ப்பால் சதுர செ.மீ.க்கு 10 கிலோ அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று இரண்டு மணி நேரம் பார்ப்பது. பசை போட்டு ஒரு நாள் ஆன பிறகே செய்ய வேண்டும். இதை இப்போது செய்யாமல் டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவைக் கண்டுபிடித்தால் எல்லாம் வீண்.

சிங்க் கழிவுக்கு 50 மி.மீ. குழாய், மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு. சரிவில்லாமல் படுக்கவைத்த குழாயில் எண்ணெய்ப்பசை தங்கும். இந்த வீட்டின் பழைய அடைப்பு அப்படி வந்ததுதான்.

மின்சாரத்தில்: இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், ஓவன் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் குறைந்தது இரண்டு, தனித்தனி எம்.சி.பி.யோடு (பாரம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), 2.5 அல்லது 4 சதுர மி.மீ. ஒயரில். மிக்ஸி, ஆர்.ஓ., சிம்னி, ஃபிரிட்ஜுக்கு 6 ஆம்பியர். மேடையிலிருந்து ஒரு முழம் மேலே, சிங்க்கிலிருந்து இரண்டடி தள்ளி. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பழைய வீட்டில் இல்லையென்றால் இப்போதே போட்டுவிட வேண்டும், ஈரக்கையோடு மிக்ஸி தொடும் அறை இது. நாலரை அங்குலச் சுவரில் குறுக்காகக் காடி வெட்ட விடாதீர்கள். செங்குத்தாக வெட்டலாம். குறுக்குக் காடி அந்த மெல்லிய சுவரைப் பலவீனமாக்கும், பின்னால் மேல் அலமாரி தொங்கப்போவதும் அதில்தான்.

சிம்னிக் குழாய்த் துளை 6 அங்குலம். அதையும் இந்த வாரமே துளைக்க வேண்டும். 4 அங்குலமாகச் சுருக்கினால் இரைச்சல் கூடும், இழுப்பு குறையும்.

பூச்சுக்கு முந்தைய மாலை, ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்தபடி படம் எடுங்கள். குழாயும் ஒயரும் தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்பது படத்திலேயே தெரிய வேண்டும்.

யாரும் வராத நாட்கள் (15 முதல் 33)

பூச்சு மூன்று நாள். 15 மி.மீ. கனத்தில், ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில், 200 சதுர அடிக்குச் சேதாரம் சேர்த்து 3 மூட்டை சிமெண்ட், 12 கன அடி பி-சாண்ட் (பூச்சுக்கென்று அரைத்த மணல்). எம்-சாண்ட் வேண்டாம், அது கான்கிரீட்டுக்கு, பூச்சுக்குச் சொரசொரப்பு.

பிறகு ஏழு நாள் தண்ணீர். இங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினை முடியும் முன் தண்ணீர் ஆவியாகிவிட்டால் வினை பாதியில் நிற்கும். மேலுக்கு வெள்ளையாக உலர்ந்து, "செட் ஆயிடுச்சு" என்று சொல்லத் தோன்றும். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரவிதி, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டென்றால் 7 நாள், கலப்பு சிமெண்டோ கடும் வெயிலோ என்றால் 10 நாள் ஈரம் கேட்கிறது. பூச்சுக்கு ஏழு என்பது நீண்டகால வழக்கம். மேஸ்திரி கெடுவில் எழுதியிருந்தது மூன்று.

தண்ணீர் விடுவது வீட்டார் வேலையாகிவிடும், ஆள் அதற்கென்று வரமாட்டார். காலை, மதியம், இரவு மூன்று வேளை, கைத்தெளிப்பானால் சுவர் கறுக்கும் அளவுக்கு. வாளியால் அடித்தால் புதுப்பூச்சு அரிக்கும். கீழ்வீட்டுக் கூரையிலும் இறங்கும். கீழ்வீட்டாரிடம் முந்தைய நாளே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

25-ஆம் நாள் முதல் சுவர் உலரத் தொடங்கும்போது தரையில் நீர்க்கசிவுத் தடுப்பைத் தொடங்கினார்கள். காத்திருப்பு இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றியது இந்த அட்டவணையின் நல்ல முடிவு. பாலிமர் சிமெண்ட் பூச்சு இரண்டு கை, முதல் கை வடக்கு தெற்காக, இரண்டாம் கை கிழக்கு மேற்காக; சுவர்மேல் ஓரடி ஏற்றி. 27 முதல் 30 வரை நான்கு நாள் காற்றில் உலர்ந்தது. 31, 32-இல் வாசலில் சிறு வரம்பு கட்டி இரண்டு அங்குலத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டார்கள். சுவரில் பென்சில் கோடு போட்டு அளவைக் குறிக்க வேண்டும், கீழ்வீட்டுக் கூரையை இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த 19 நாட்களில் ஆள் வந்தது ஐந்து நாள்தான். இதைத் தெரிந்து வைத்திருக்கும் வீடு அந்த நாட்களை வாழப் பயன்படுத்தும்: பிள்ளையின் தேர்வு, உறவினர் வருகை, வெளியூர்ப் பயணம் எல்லாம் இங்கே வரட்டும். சத்தமும் தூசியும் இல்லாத காலம் இது.

டைல்ஸ், மேடை (34 முதல் 52)

டைல்ஸ் ஒன்பது நாள். பசை 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 50 சதுர அடிக்கு வரும். மொத்தம் நான்கு, கையில் ஐந்து. பழக்கத்தில் சிலர் டைலின் நடுவில் ஐந்து உருண்டை வைத்து அழுத்துவார்கள். உருண்டைகளுக்கு நடுவே காற்று நிற்கும். குக்கர் விழுந்த இடத்தில் டைல் தெறிக்கும். பல்கரண்டியால் முழுக்க இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். மறுநாள் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்றில்லாமல் டொக்கென்று ஒலிக்கும் டைலைப் பசை முழுதும் இறுகும் முன் எடுத்து ஒட்டிவிடலாம். இடைவெளி 2 மி.மீ., நிரப்ப எபாக்ஸி கிரவுட். மஞ்சளும் எண்ணெயும் தெறிக்கும் சுவரில் சிமெண்ட் கிரவுட் சில மாதத்தில் மஞ்சளாகும்.

அடுத்த முடிவுதான் 104 நாளைப் பொறுக்கக்கூடியதாக்கியது. மேடையை அலமாரிப் பெட்டிகளின் மேல் உட்கார வைக்காமல், கடப்பா நிறுத்துக் கற்களின் மேல், கடப்பா அடிப்பலகையோடு கட்டினார்கள். நிறுத்துக் கல் மூன்றடிக்கு ஒன்று. அதன்மேல் 18 மி.மீ. கிரானைட். பெட்டிகளின் மேல் கிரானைட் என்றால் அலமாரி வரும்வரை மேடையே கிடையாது. சிங்க்கும் அடுப்பும் அதோடு நிற்கும். கடப்பாவில் நிற்கும் மேடை அலமாரிக்குக் காத்திருக்காது. மாடுலர் விற்பவர்கள் இதைப் பழைய முறை என்பார்கள். தண்ணீர் சொட்டும் சிங்க்குக்கு அடியில் பிளைவுட் பக்கங்களைவிடக் கடப்பா பல மடங்கு நாள் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடியிருந்துகொண்டே வேலை பார்க்கும் வீட்டுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம்.

உயரம்: சமைப்பவரின் முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே. ஐந்தடி உயரம் உள்ளவருக்கு 32 முதல் 34 அங்குலம். மேடைமேல் வைக்கும் அடுப்பு என்றால் அந்தப் பகுதியை மூன்று அங்குலம் தாழ்த்தலாம். உயரமான குக்கரைத் தூக்கிப் பார்க்கும்போது அந்த மூன்று அங்குலம் தோளுக்குத் தெரியும்.

கிரானைட்டைப் படுக்கவைத்துத் தூக்கினால் சிங்க் வெட்டிய குறுகிய பட்டையில் விரியும். நிறுத்திய வாக்கில் தூக்க வேண்டும்; வெட்டுக்கு முன்புறம் மூன்று அங்குலமாவது கல் மிஞ்ச வேண்டும். சிங்க்கைச் சுற்றி சிலிகான் போட்டு 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விட வேண்டும்.

52-ஆம் நாள்: சிங்க்கில் தண்ணீர், அடுப்பில் கேஸ். கேஸ் இணைப்பைச் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு நல்ல நேரத்தில் பால் காய்ச்சினார்கள். மேடைக்கு அடியில் பழைய வேட்டித் திரை. தற்காலிக அடுப்படி அன்றே கலைந்தது.

அலமாரிக்குக் காத்திருந்த 46 நாள்

அளவு எடுத்துத் தயாரிக்க 30 நாள். அளவை டைல்ஸ் ஒட்டிய பிறகே எடுக்க வேண்டும், வரைபடத்திலிருந்து எடுக்கக் கூடாது. பழைய சுவர் ஏழடி உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் சாய்ந்திருப்பது சாதாரணம். அந்த ஒரு சென்டிமீட்டரில் கதவு மூடாது. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய் வர 10 நாள். அது அவர்கள் பண்டிகை, அதற்குக் கோபப்படுவதில் பொருளில்லை. அட்டவணையில் முன்பே எழுதாததுதான் தவறு. லேமினேட் இருப்பில்லாததால் 6 நாள். இந்த ஆறு மட்டும்தான் முழுக்க வீணான நாட்கள், ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்த்திருக்கலாம்.

ஐப்பசி மழையில் ஒரு கேள்வி எழுந்தது: பிளைவுட்டை வீட்டில் இறக்கி ஹாலிலேயே ஆசாரியை வைத்துச் செய்தால் சீக்கிரம் முடியாதா? முடியும். ஆனால் அடைமழையில் பலகை ஈரம் குடிக்கும். அதன்மேல் லேமினேட் ஒட்டினால் ஈரம் உள்ளே மாட்டும். வெயில்காலத்தில் ஓரம் தூக்கும். வெளியே பட்டறையில் செய்து, ஓரப்பட்டை ஒட்டி முடித்த பெட்டியாக வரவழைத்தது சரி. பலகையில் ஐஎஸ் 710 முத்திரை பாருங்கள். அதுதான் தண்ணீர் தாங்கும் வகை. ஐஎஸ் 303-இல் வரும் எம்.ஆர். (ஈரத்தை ஓரளவே தாங்கும்) வகை படுக்கையறை அலமாரிக்குப் போதும், சிங்க்குக்கு அடியில் போதாது. கீல்கள் எவர்சில்வர் 304.

99 முதல் 103 வரை பொருத்தினார்கள். மேல் அலமாரி மேடையிலிருந்து இரண்டடி மேலே, சிம்னி அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர். 104-ஆம் நாள் பெயிண்ட் திருத்தம். பூச்சு 28 நாளைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்ததால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கவில்லை. 45 நாளில் முடிக்கும் அவசரத்தில் அடித்திருந்தால் பூத்திருக்கும்.

பணம்

முன்பணம் 20 சதவீதம், குழாய்ச் சோதனை முடிந்ததும் 25, டைல்ஸ் தட்டிப்பார்த்ததும் 25, மேடையில் தண்ணீர் வந்ததும் 20. மிச்சம் 10, எல்லாம் முடிந்து பதினைந்து நாள் புழங்கிய பிறகு. நாளைக் கணக்கிட்டுக் கொடுக்காமல் வேலையைக் கணக்கிட்டுக் கொடுங்கள்.

அந்தப் பதினைந்தாம் நாள் பார்க்க வேண்டியவை: கதவுகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, பாரம் ஏறியபின் கீல் இறங்கியதா, சிங்க்குக்கு அடியில் இரவு விரித்த தாள் காலையில் உலர்ந்திருக்கிறதா, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா. ஓவனும் இண்டக்‌ஷனும் ஓடும்போது 16 ஆம்பியர் தகடு சுடுகிறதா. மிச்ச டைல்ஸில் தரைக்கு ஐந்து, சுவருக்கு ஐந்து எடுத்து, பேட்ச் எண் எழுதிய பெட்டி அட்டையோடு பரணில் வையுங்கள். பூச்சுக்கு முன் எடுத்த டேப் வைத்த படங்களை அச்செடுத்து, சிங்க் அலமாரிக் கதவின் உட்புறம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள். அடுத்து ஆணி அடிக்க வருபவர் முதலில் திறக்கும் கதவு அதுவாக இருக்கட்டும்.